வண்டியில் சிரிக்கிறவர்

மார்ச் 4, திங்கள்

மெஷின் பார்க்கப் போன ஊரிலிருந்து காலையில்தான் வந்து சேர்ந்தேன். போக வர பஸ்ஸில் முதுகு போச்சு. மெஷின் பரவாயில்லை. விற்கிற ஆள்தான் சரியில்லை. எதைக் கேட்டாலும் "பிரச்சினையே இல்ல மேடம்" என்றார். பிரச்சினையே இல்லாத சலவை மெஷினை இந்த இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கேட்டில் புதுக் காவலாளி வழக்கத்தைவிட விறைப்பாக சல்யூட் அடித்தார். வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

"நேத்து முதலாளி வந்திருந்தாரு மேடம். உள்ள எல்லாம் சுத்திப் பார்த்தாரு."

"எந்த முதலாளி?"

"நம்ம முதலாளிதான். கூட ரெண்டு பேர் வந்தாங்க. போர்டுல இருக்குற பேரையே சொன்னாரு, கார்டும் காட்டினாரு. அது எதுக்கு, நம்ம வண்டியில இருக்குற அதே மூஞ்சி. முடி மட்டும் கொஞ்சம் கொட்டியிருக்கு."

அவரை என்ன சொல்லித் திட்டுவது? கேட்டில் இருப்பது அந்தப் பெயர். இருபத்தாறு வண்டியிலும் வெள்ளைச் சட்டையில் கைகட்டிச் சிரிப்பது அந்த முகம். என் முன்னாள் கணவர் என்று அந்தக் காவலாளிக்கு யார் சொன்னார்கள்? அவர் வீட்டை விட்டுப் போய்ப் பத்தொன்பது வருடம். கோர்ட்டில் எழுதி முடித்தே பதினொன்று.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்திருக்கிறார். அரை ஷிப்ட், மகளும் இல்லை, நானும் இல்லை. வந்தவர் பார்த்துவிட்டுப் போயிருந்தால்கூடத் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். ஆஸ்பத்திரித் துணி வந்து இறங்குகிற அழுக்குப் பக்கத்தில் நடந்துவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல், கதவைத் திறந்து நேராகச் சுத்தப் பக்கத்துக்குள் போயிருக்கிறார். மடித்து வைத்த விரிப்புகளைக் கையால் தட்டிக் காட்டினாராம். "எப்படி இருக்கு நம்ம வேலை" என்றாராம்.

நம்ம வேலை.

அந்த அறையில் திறந்து கிடந்த நானூறு விரிப்பையும் மறுபடி துவைக்கச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

விரிப்பெல்லாம் துவைத்து உலர்ந்து ஆறியாயிற்று. நான் இன்னும் ஆறவில்லை.

மார்ச் 7, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். பெயரை மாற்றப் போகிறேன். முகத்தையும்.

இதை எழுதும்போது ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அந்தப் பெயரை வைத்தது அவர் இல்லை, நான்தான். பதிவு அலுவலகத்தில் கவுன்டரில் இருந்தவர் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்து, "ஆம்பளை பேர்ல போடுங்கம்மா, சீக்கிரம் முடியும்" என்றார். இடுப்பில் காய்ச்சலோடு மகள். எனக்கு முன்னால் பதினாறு பேர் கொண்ட வரிசையில் மறுபடி நிற்க முடியாது. நானே என் கையால், குண்டு குண்டாக, அழகாக அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். வண்டியில் போட அவருடைய கல்யாண போட்டோவைக் கொடுத்ததும் நான்தான். அதில் என்னை வெட்டிவிட்டுக் கொடுத்தேன். யாரும் வெட்டச் சொல்லவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். முதல் பதினோரு மாதம் அவர்தான் வண்டி ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார். பிறகு அலுத்துப்போய்விட்டது. பிறகு வேறு ஊர், வேறு வீடு, வேறு மனைவி.

அப்புறம் ஏன் இத்தனை வருடம் சும்மா இருந்தாய் என்று யாராவது கேட்டால்? வேலை இருந்தது. நிஜமாகவே அதுதான் பதில். ரத்தக் கறை பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசாமல் கொதிநீரில் போட்டுவிட்டால் கறை அப்படியே வெந்து நின்றுவிடும். இந்த மாதிரி ஆயிரம் விஷயம் ஓடிக்கொண்டிருந்தது தலைக்குள். போர்டை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. இப்போது பார்த்துவிட்டேன். பார்த்ததைப் பார்க்காத மாதிரி இருக்க என்னால் முடியாது.

மார்ச் 9, சனி

மகளிடம் சொன்னேன். அலுவலகத்தை ஆறு வருடமாக அவள்தான் நடத்துகிறாள். நான் துணி துவைக்கிற பிளான்ட் பக்கம். சாப்பிடும்போது சொல்லியிருக்கக் கூடாது. தட்டை நகர்த்திவிட்டாள்.

"நல்லா ஓடிட்டிருக்கிற பேரை எவளாவது மாத்துவாளா?"

"நான் மாத்துவேன்."

"அப்பா ஒருநாள் வந்து பார்த்துட்டுப் போனாரு, அதுக்கா?"

"ஷூ போட்டுக்கிட்டு வந்தாரு."

"அம்மா! என் பேருக்கு முன்னாடியும் அவர் பேருதான் இருக்கு. அதையும் அழிச்சிடுவியா?"

அது உன்னுடையது, நான் தொட மாட்டேன் என்று சொல்ல வந்தேன். அதற்குள் எழுந்து போய்விட்டாள். அவளுக்கு அந்தப் பெயர் என்றால் விடிகாலை வண்டி, முன் சீட், அப்பா மடி, கையில் ஒரு பன். எனக்கு அந்தப் பெயர் என்றால் இருபத்திரண்டு வருடமாக, "சார் இருக்காரா?" என்று கேட்கிற தொலைபேசி.

இரண்டும் உண்மைதான். ஆனால் கம்பெனி ஒன்றுதான்.

மார்ச் 14, வியாழன்

கம்பெனிகளுக்குப் பெயர் மாற்றிக் கொடுக்கிறதையே தொழிலாக வைத்திருக்கிற ஒரு அம்மாள் வந்தார். நாற்பது வயதிருக்கும். பேசுவதே இல்லை, கேட்கத்தான் கேட்கிறார். கேள்விக்காரி என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன். பிளான்டைச் சுற்றிக் காட்டினேன். கதவருகில் கேட்காமலே செருப்பைக் கழற்றினார். பாதி மதிப்பெண் அங்கேயே போட்டாயிற்று.

"நஷ்டத்துல இருக்கீங்களா?"

"இல்ல. முப்பத்தெட்டு ஆஸ்பத்திரி. எல்லாம் நல்லாப் போகுது."

"ஏதாவது கேஸ், கெட்ட பேர்?"

"கிடையாது."

"அப்ப எதுக்கு மாத்தணும்?"

நான் திருப்பிக் கேட்டேன். "நல்லா இருக்கிற கம்பெனிங்க எல்லாம் எதுக்கு மாத்துதுங்க?"

சிரித்தார். பாதிப் பேர் எதையோ மறைக்கத்தான் வருவார்களாம், வெளியே மட்டும் 'புதுமை' என்று சொல்லிக்கொள்வார்களாம். சிலர் வளர்ந்துவிட்டார்கள், பழைய சட்டை பத்தவில்லை. ஷூ கம்பெனி என்று பெயர் வைத்துவிட்டுக் குடையும் விற்க ஆரம்பித்தவர்கள் மாதிரி. சிலருக்குப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் அப்பா வைத்தது பழசாகத் தெரிகிறது. "இன்னும் சில பேர் எல்லாம் நல்லாப் போகுதேன்னு போரடிச்சு வருவாங்க. அவங்களை நானே திருப்பி அனுப்பிடுவேன். நீங்க இதுல எது?"

"சட்டை அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றேன். "சட்டைதான் வேற ஆளோடது."

அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு நோட்டை மூடிவிட்டு, "இதுக்கு நான் வேலை செய்யறேன்," என்றார்.

மார்ச் 15, வெள்ளி

உன் பெயரையே வையேன் என்கிறாள் அக்கா, போனில். இன்று முழுக்க அது காதில் இனித்துக்கொண்டுதான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், பேப்பரில் எழுதிக்கூடப் பார்த்தேன்.

வேண்டாம். என் பெயரை வைத்தால் நாளைக்கு என் மகள் போனை எடுத்ததும், "மேடம் இருக்காங்களா?" என்பார்கள். எந்த ஆளின் பெயரும் வேண்டாம்.

மார்ச் 21, வியாழன்

விற்பனை மேலாளரை எல்லோரும் 'ஆனால் சார்' என்பார்கள், அவர் இல்லாதபோது. இன்று அவர் வாயிலிருந்து பதினான்கு ஆனால் வந்தது. எண்ணினேன்.

"ஆனா மேடம், பெரிய ஆஸ்பத்திரி ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது. ஆனா, ஒரே பேர்ல பத்து வருஷம் வேலை செஞ்சிருக்கணும்னு விதி போட்டிருக்காங்க. ஆனா, நம்ம துணியில மூணுல ஒரு பங்கு அவங்களோடது."

"கம்பெனி அதே கம்பெனிதானே? பேர் மாறினதும் சான்றிதழ் தருவாங்க. கொடுத்தாப் போதாதா?"

"போதும் மேடம். ஆனா, அங்க இருக்கிறவரு விதியை வாசிக்கிறவரு. அர்த்தம் பார்க்கிறவரு இல்ல."

அவர் பயப்படுவதில் தப்பில்லை. எனக்கும் பயம்தான். முகத்தில் காட்டவில்லை. "ஒரு மாசம் தள்ளிப் போடலாமே மேடம், கையெழுத்து ஆனதும் மாத்திக்கலாம்," என்றார். நல்ல யோசனைதான். அந்தப் பெயரில் இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் அவர்களிடம் போய்த் தலையைச் சொறிய வேண்டும்.

இல்லை. ஏமாற்றிவிட்டு மாற்ற மாட்டேன். சொல்லிவிட்டு மாற்றுவேன்.

மார்ச் 28, வியாழன்

அவர் போன் பண்ணினார். யார் சொன்னார்களோ. பத்தொன்பது வருஷத்தில் இது ஏழாவது முறை.

"என் பேரை எடுக்கப் போறியாமே."

"ஆமா."

"அந்தப் பேருதான் உனக்குச் சோறு போட்டுச்சு. ஞாபகம் இருக்கா?"

சோறா? எவன் போட்டான் சோறு? தோள்பட்டை இறங்கிப்போற அளவுக்கு ஈரத் துணி தூக்கினது எவ? மெஷின் நின்னுபோன அன்னிக்கு நூத்தி இருபது விரிப்பைத் தொட்டியில போட்டு மிதிச்சவ எவ? அவனா? அவன் பேரா? பேருக்குக் காலு இருக்கா மிதிக்க?

இதையெல்லாம் சொன்னேனா? இல்லை. சொன்னது இவ்வளவுதான்: "பேரைத் திருப்பித் தரேன். பத்திரமா வெச்சுக்கோங்க."

"என்னை அவமானப்படுத்துறே."

"அழுக்குப் பக்கத்துல நடந்த ஷூவோட சுத்தப் பக்கத்துக்குள்ள வராதீங்கன்னு சொல்றேன்."

புரியவில்லை அவருக்கு. பதினோரு மாதம் இங்கே இருந்தவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 29, வெள்ளி

மகள் ஒரு வாரம் லீவு எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அப்பா வீட்டுக்கு. எனக்குத் தனியாக ஒரு வார்த்தை இல்லை. அலுவலக விண்ணப்பம் மட்டும், முறைப்படி, 'மதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்து.

நானும் முறைப்படி 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் மட்டும்தான் பிடிவாதக்காரியா?

ஏப்ரல் 8, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே போனேன். 'ஆனால் சார்' கூட வந்தார். கொள்முதல் அதிகாரியின் அறையில் மூன்று நாற்காலி, அதில் இரண்டில் கோப்பு. நான் உட்கார்ந்தேன், கூட வந்தவர் நின்றார்.

எல்லாக் காகிதமும் காட்டினேன். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "பாருங்கம்மா, உங்க வேலையில ஒரு குறையும் கிடையாது. பழைய பேர்லயே இருங்க, இப்பவே இங்கயே கையெழுத்துப் போடறேன். புதுப் பேர்னா, நீங்க புதுக் கம்பெனி. பத்து வருஷம் கழிச்சு வாங்க."

பேனாவைத் திறந்து மேசையில் வைத்தார். ஆனால் சார் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் ஆனால் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

பேனாவைப் பார்த்தேன். கவுன்டர் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இப்படித்தான், கெட்டவர் இல்லாத ஒருவர், சீக்கிரம் முடியும் என்று ஒரு வழி காட்டினார்.

"வேண்டாம் சார்," என்று எழுந்துவிட்டேன்.

வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தேன். அறுபத்து நான்கு பேர் வேலை செய்கிறார்கள் என்னிடம். என்ன செய்துவிட்டு வந்திருக்கிறாய் பெண்ணே? ஆனால் சார் தண்ணீர் வாங்கப் போனார், அல்லது அழப் போனார்.

அப்போது ஒரு வார்டு நர்ஸ், தள்ளுவண்டியில் விரிப்பு அடுக்கிக்கொண்டு போனவர், என் கழுத்தில் தொங்கிய, வண்டிப் படம் போட்ட கம்பெனி அட்டையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"நீங்க ஆறு மணிக்காரங்களா?"

"என்னது?"

"துணி கொண்டு வர்றவங்க. ஆறு மணி வண்டி. மணி பார்க்கவே வேணாம், உங்க வண்டி சத்தம் கேட்டா ட்யூட்டி முடியப் போகுதுன்னு அர்த்தம். நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்."

"அட்டையில வேற பேர் இருக்கே?"

குனிந்து படித்தார். "ஓ, இது யாரு?" என்றார்.

எட்டு வருடம் இந்த ஆஸ்பத்திரிக்குத் துணி துவைத்திருக்கிறோம். வார்டில் ஒருத்தருக்கும் அந்தப் பெயர் தெரியாது. அந்தப் பெயர்தான் எங்களைக் காப்பாற்றுகிறது என்று எல்லோரும் சேர்ந்து என்னைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறார்கள்!

பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தேன். தண்ணீரோடு வந்த ஆனால் சார் பயந்துவிட்டார்.

ஏப்ரல் 10, புதன்

இரண்டு ஷிப்டையும் ஒன்றாகக் கூட்டிச் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரி போய்விட்டது, ஏன் போனது, யாரால் போனது. யாரையும் நிறுத்த மாட்டேன், ஆனால் மதிய ஷிப்ட் கொஞ்ச நாளைக்குச் சுருங்கும் என்றேன்.

ரோலர் இஸ்திரியில் தலைமையாக இருக்கிற இஸ்திரி அக்கா கையைக்கூடத் தூக்கவில்லை. நேராகக் கேட்டார்.

"உங்க புருஷன் சண்டைக்கு எங்க ஷிப்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"எங்க வீட்டுக் கதவுலயும் வேற ஆள் பேர்தான் எழுதியிருக்கு. வாடகை நான்தான் கட்டறேன். அதுக்காகக் கதவைக் கழட்டிப் போட்டேனா?"

"நீங்க கேக்கறது நியாயம்தான். ஆனாலும் நான் கழட்டத்தான் போறேன். ஆறு மாசத்துக்குள்ள மதிய ஷிப்டை முழுசா நடத்தலைன்னா, நீங்க எல்லார் முன்னாடியும் இதையே மறுபடி கேளுங்க," என்றேன்.

"கேப்பேன்," என்றார்.

கேட்கக்கூடியவர்தான்.

பாய்லர் பார்க்கிற அண்ணன், எப்போதும் நீராவிக்குள்ளிருந்தே வெளிப்படுவதால் எல்லோருக்கும் 'ஆவி அண்ணன்', கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தார். ஏதோ ஆறுதல் சொல்லப் போகிறார் என்று பார்த்தால், "பாய்லர் வால்வு ஒழுகுது, மறந்துடாதீங்க," என்றார். அதுவே ஆறுதலாக இருந்தது.

ஏப்ரல் 12, வெள்ளி

மகள் வந்துவிட்டாள். ஒரு வாரம் என்று போனவள் இரண்டு வாரம் ஆக்கிவிட்டாள். பையை வைத்தாள், குளித்தாள், சாப்பிட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல மாட்டாள், என் வயிற்றில் பிறந்தவள்.

பாத்திரம் கழுவும்போது அவளாகவே சொன்னாள்.

"அங்க கூடத்துல நம்ம பிளான்ட் போட்டோ மாட்டியிருக்கு. பெருசா."

"ம்."

"யார் யாரோ வந்தாங்க. அப்பா என்னை அறிமுகப்படுத்தினாரு. 'என் கம்பெனி. பொண்ணை அங்க உதவிக்கு வெச்சிருக்கேன்'னு."

ஒரே தட்டை மூன்று முறை துடைத்தாள்.

"ஆறு வருஷமா நான் உதவிக்கு இருக்கேனாம்மா? ஒரு தடவையாவது ஒரு பில் அனுப்பியிருப்பாரா அவரு? நான் சொன்னேன், இல்லப்பா, அதை நானும் அம்மாவும்தான் நடத்துறோம்னு. அத்தனை பேர் முன்னாடி. சிரிச்சிட்டு, 'பாருங்க, நம்ம வளர்ப்பு'ன்னு முதுகுல தட்டினாரு."

என்னால் அவரைத் திட்ட முடிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினேன்.

"உன் மேல எனக்கு இன்னும் கோபம்தான்," என்றாள்.

"இரு. யார் வேண்டாம்னா?"

ஏப்ரல் 17, புதன்

எல்லோரையும் புதுப் பெயர் எழுதிப் போடச் சொல்லியிருந்தேன். டப்பாவைக் கேள்விக்காரி முன்னால் திறந்தோம். 'நிலாத் துணி', 'பளிச்', 'வெள்ளை அன்னம்', 'அம்மா கை', ஒன்றில் 'சம்பளம் ஒழுங்காகத் தரும் சலவையகம்'. கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, இஸ்திரி அக்கா. சிரிப்பு தாங்கவில்லை.

பிறகு நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். ஆறு மணி.

கேள்விக்காரி முதல் முறையாகக் கேள்வி கேட்காமல் இருந்தார். இரண்டு நாள் எங்கள் வண்டியில் ஏறி ஐந்து ஆஸ்பத்திரி போய் வந்தவர் அவர். நாலில் அதே பேச்சுத்தானாம். "நான் வெக்கிற பேர் ஊர் வாயில ஏற மூணு வருஷம் ஆகும். இது ஏற்கனவே வாயில இருக்கு," என்றார்.

ஆனால் சாருக்கு உடனே வந்துவிட்டது. "ஆனா மேடம், ஆறேகால் ஆச்சுன்னா சிரிப்பாங்களே!"

"அப்ப ஆறேகால் ஆக்காதீங்க."

மகள் டப்பாவை மூடி வைத்தாள். எல்லோரும் போன பிறகு கேட்டாள்.

"ஆறு மணி வண்டியை முதல்ல ஓட்டினது யாரும்மா?"

தெரிந்துதான் கேட்கிறாள். முன் சீட்டில் பன்னோடு உட்கார்ந்திருந்தவள்.

"உங்கப்பா."

"அப்ப இந்தப் பேர்லயும் அவரு இருக்காரு இல்ல?"

இருக்கிறார். மறுக்க முடியாது. யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "பதினோரு மாசத்துக்கு உள்ளது இருக்கட்டும். மீதி இருபத்தொரு வருஷம் ஓட்டினவங்களும் அதுல இருக்காங்க. நீ இருக்கே. இப்ப அவருக்கு எவ்வளவு சேரணுமோ அவ்வளவு."

அவள் முகம் கொஞ்சம் தளர்ந்தது. அவளுக்கு அவ்வளவு போதும் போலிருக்கிறது. எனக்கும் ஆச்சரியம், அவ்வளவு கொடுக்க எனக்கு வலிக்கவில்லை.

மே 6, திங்கள்

நடந்து நடந்து பாதம் வெடித்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி விட்ட பள்ளத்தைச் சின்ன மருத்துவமனைகளால் நிரப்பப் பார்க்கிறோம் நானும் மகளும். இருபது கட்டில், பன்னிரண்டு கட்டில், ஒரு பல் டாக்டர். பல் டாக்டருக்கு எதற்கு விரிப்பு? துண்டுதான், வாரத்துக்கு நாற்பது. எடுத்துக்கொண்டோம்.

ஒரு டாக்டர் கேட்டார், "பெரிய ஆஸ்பத்திரி உங்களை ஏன் விட்டுச்சு?"

"அவங்க விடல. நான் விட்டேன்," என்றேன். கொஞ்சம் திமிராகத்தான் இருந்திருக்கும். மகள் மேசைக்கு அடியில் காலை மிதித்தாள்.

டாக்டர் சேர்ந்துவிட்டார். திமிரைப் பார்த்தா, துண்டைப் பார்த்தா, தெரியவில்லை.

மே 20, திங்கள்

ஒன்பது புது மருத்துவமனை வந்தது. பழையதில் மூன்று போனது. பயமாகத்தான் இருக்கிறது. இங்கே எழுதி வைக்கிறேன், வெளியே சொல்ல மாட்டேன்.

ஜூன் 3, திங்கள்

இன்று கேட் சுவரிலிருந்து எழுத்துகளைக் கழற்றினார்கள். நான் வெளியே வந்து ஓரமாக நின்று பார்த்தேன். துருப்பிடித்த திருகுகள், ஒன்றும் லேசில் வரவில்லை. ஆவி அண்ணன் ஏணியில் ஏறி எண்ணெய் விட்டார். கடைசி எழுத்து வரும்போது பின்னால் சுவர் வெளுப்பாக அதே வடிவத்தில் இருந்தது. புழுதி படாத இடம்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பசித்தது.

மகள் வந்து, "அந்த எழுத்தெல்லாம் எனக்கு வேணும்," என்றாள்.

"எடுத்துக்கோ."

"தூக்கிப் போட்டுடுவேன்னு பயந்தேன்."

"கேட்டில வேண்டாம்னுதான் சொன்னேன். உன் அறையில எங்க வேணா மாட்டிக்கோ."

சாக்கில் சுற்றித் தானே தூக்கிக்கொண்டு போனாள், ஒருவரையும் தொட விடாமல்.

வண்டிகளில் ஸ்டிக்கர் உரிக்கிற வேலை மதியம் முழுக்க நடந்தது. சிரிக்கிறவர் முழுசாக உரியவில்லை. ஒரு வண்டியில் மீசை மட்டும் மிச்சம். இஸ்திரிப் பகுதியே வெளியே வந்து பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். பிறகு, பாவம் என்று தோன்றியது. மண்ணெண்ணெயும் துணியும் எடுத்து மீசையை நானே துடைத்தேன். அவரை அப்படிக் கேலிப்பொருளாக ஊர்வலம் விட எனக்கு மனசில்லை. எடுக்கிறதை மரியாதையாக எடுக்கலாம்.

புதுப் படம்: ஒரு வட்டம், நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. ஆறு மணி முள். அவ்வளவுதான். ஒரு முகமும் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

ஆறு இருபதுக்குப் போனது ஒரு வண்டி. டயர். போன் வருவதற்கு முன்னால் நானே அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றேன். வார்டில் சிரித்தார்கள். "ஆறு இருபதுன்னு பேர் மாத்திக்கோங்க." நானும் சிரித்துவிட்டு வந்து எல்லா வண்டிக்கும் டயர் மாற்றச் சொன்னேன். இன்றே.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மதிய ஷிப்ட் முழுசாக ஓடுகிறது, நேற்றிலிருந்து. பெரிய ஆஸ்பத்திரி திரும்பி வரவில்லை, வரவும் வராது. பதினேழு சின்னவர்கள் சேர்ந்து அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை முன்பைவிடக் கஷ்டம்தான், பதினேழு இடத்துக்குப் பதினேழு விதமாக மடிக்க வேண்டும்.

நான் இஸ்திரி அக்காவிடம் போய் நின்றேன். "ஆறு மாசம்னு சொன்னேன். நாலுதான் ஆச்சு. கேள்வி ஏதாவது இருக்கா?"

ரோலரிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருக்கு," என்றார். "பல் டாக்டர் துண்டை எவன் நாலா மடிக்கச் சொன்னான்? மூணா மடிச்சாத்தான் அவங்க அலமாரியில நிக்கும்."

மூன்றாக மடிக்கச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

அவர் போன் பண்ணினார், எட்டாவது முறை. கூடத்து போட்டோவை எடுத்துவிட்டாராம். நான் கேட்கவே இல்லை. ஏன் சொன்னாரோ.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன். "இருக்கேன்," என்றார். சண்டை போடாமல் போனை வைத்தோம்.

நவம்பர் 16, சனி

இன்று லீவு எடுத்தேன். காய்ச்சல் இல்லை, கல்யாணம் இல்லை, கோர்ட் இல்லை, சும்மா. இத்தனை வருடத்தில் இதுதான் முதல் முறை.

கண் விழித்தபோது மணி ஏழே முக்கால். வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. பதறி போனைப் பார்த்தேன். ஒரு அழைப்புகூட இல்லை. எட்டரை வரை பொறுத்துப் பார்த்துவிட்டு நானே கூப்பிட்டேன். பின்னால் மெஷின் சத்தம், யாரோ எதையோ கேட்க மகள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"வண்டி எல்லாம் கிளம்பிப் போய்த் திரும்பியும் வந்தாச்சு. வால்வு மறுபடி ஒழுகுச்சு, மாத்தியாச்சு. புது ஆஸ்பத்திரிக்காரங்க பதினோரு மணிக்கு வர்றாங்க, நான் பார்த்துக்கறேன். நீ பேசாம போய்ப் படு."

"அந்த ஆளுங்ககிட்ட முதல்லயே..."

"தெரியும்மா. வெச்சிடறேன், வேலை இருக்கு."

வைத்துவிட்டாள்.

எனக்கே உத்தரவு போடுகிறாள்! படுக்கவில்லை. நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு காலைக் காட்சி சினிமாவுக்குப் போனேன், தனியாக, நடு வரிசையில் டிக்கெட் எடுத்து. படம் மகா மோசம். பாதிப் பேர் இடைவேளையிலேயே எழுந்து போய்விட்டார்கள். நான் காலை நீட்டிக்கொண்டு கடைசிப் பெயர் ஓடி முடிகிற வரைக்கும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.